மறதி நோய் உள்ள மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு: இது வெறும் டென்ஷன் இல்லை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்களுக்கு வயது 46. மாமியாருக்கு அல்சைமர் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறீர்கள், ராத்திரிதான் பெரும்பாடு. மூன்று நான்கு தடவை எழுந்து, "பால்காரன் வந்தாச்சா, கதவைத் திற" என்று தாழ்ப்பாளை இழுக்கிறார். கணவர் கடையைச் சாத்திவிட்டு வரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் செய்து அம்மா சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறார். உங்களுக்குக் கழுத்தும் தோளும் இறுகி வலிக்கிறது, நெஞ்செரிச்சல், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. டாக்டர் "எல்லாம் டென்ஷன், யோகா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார். போன வாரம் அத்தையின் கையைப் பட்டென்று தட்டிவிட்டுவிட்டு, பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். "யோகா எப்போது செய்வது? என்னால் முடியவில்லை என்று சொல்வதே தப்பா?" என்று கேட்கிறீர்கள்.

தப்பே இல்லை. நான் மனநல சமூகப் பணியாளர். மறதி நோய் உள்ளவர்களின் குடும்பங்களோடுதான் என் வேலை. நீங்கள் எழுதியதில் எனக்குப் புதிதாக ஒரு வரிகூட இல்லை. அவ்வளவு வீடுகளில் இதேதான் நடக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு முதல் மருந்து மன அமைதி இல்லை, ஆள் மாற்று. இருபத்துநாலு மணி நேரத்தில் உங்கள் பொறுப்பில் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்தால்தான் யோகாவோ மூச்சுப்பயிற்சியோ வேலை செய்யும். அந்த நேரத்தை உண்டாக்காமல் "ரிலாக்ஸாக இரு" என்று சொல்வது, உங்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதுதான்.

ஏன் அப்படி என்று புரிய, உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். திடீரென்று ஒரு அவசரம் வந்தால் நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். கூடவே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பிக்கும் தகவல் அனுப்பும். அங்கிருந்து கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும், உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒத்திப்போடும். அவசரம் முடிந்ததும் மூளையே "போதும்" என்று இதை அணைத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் அந்த "போதும்" வரவே இல்லை. தொட்டி நிரம்பிய பிறகும் யாரும் அணைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர் மோட்டார் எப்படிச் சூடேறித் தேயுமோ, அப்படித் தேய்கிறது உடம்பு. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்கூவன் 1990களில் விரிவாக விளக்கியது இந்தத் தேய்மானத்தைத்தான்.

கார்ட்டிசாலுக்கு ஒரு தினசரித் தாளம் உண்டு. விடியற்காலையில் ஏறும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்தத் தாளம் குலையலாம். தூக்கமும் கெட்டு இதுவும் சேரும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை எல்லையைத் தொடும். கழுத்துத் தசை இறுகியே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். மாதவிடாய்ச் சுழற்சியை நடத்துவதும் அதே ஹைப்போதலாமஸ்தான். பேச வந்த வார்த்தை மறந்துபோகிறது, எனக்கும் அத்தைக்கு வந்தது வந்துவிட்டதோ என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள் இல்லையா? தூக்கம் கெட்டு, கவனம் பத்துத் திசையில் சிதறிக் கிடந்தால் யாருக்கும் அப்படி ஆகும். உங்கள் வயதில் அல்சைமரைவிட இதற்கான வாய்ப்பே மிக அதிகம்.

"எல்லாம் மனசுதான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு ஆய்வைக் காட்டலாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் செய்து 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மறதி நோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள் ஒரு பக்கம், அதே வயது, அதே அளவு வருமானம் உள்ள 13 பேர் இன்னொரு பக்கம். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 49 நாள் அளவில் ஆனது. சின்ன ஆய்வுதான். ஆனால் காயத்துக்குப் பாசாங்கு தெரியாது. தோல் ஒன்பது பத்து நாள் பிந்தி ஆறுவதை "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்லிச் சரி செய்ய முடியாது.

இன்னொரு ஆய்வு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஷுல்ஸும் பீச்சும் 1999-ல் வெளியிட்டது. நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் வயதானவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். சிரமத்தை உணர்ந்தபடி பார்த்துக்கொண்டவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் எல்லாம் 66 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், அதனால் அந்த எண்ணை உங்களுக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்படாதீர்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. அதே ஆய்வில், பார்த்துக்கொண்டும் சிரமம் இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் காணப்படவில்லை. அப்படியென்றால் ஆளைக் கெடுப்பது பராமரிப்பு இல்லை, தாங்க முடியாத அளவு. அளவைக் குறைக்க முடியும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உங்கள் உடம்பிலிருந்து. டாக்டர் சொன்னது பாதி சரியாகவே இருக்கட்டும், ஆனாலும் எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 46 வயதில் களைப்புக்கும் எரிச்சலுக்கும் தைராய்டு காரணமாக இருக்கலாம், ரத்தசோகை காரணமாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கப்போகிற காலமும் காரணமாக இருக்கலாம். பிரஷர், ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, இவை பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நெஞ்செரிச்சல் என்று எழுதியது மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்குகிற மாதிரியோ, தாடைக்கும் கைக்கும் பரவுகிற மாதிரியோ இருந்தால் உடனே இசிஜி எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பெண்களின் நெஞ்சுவலி கேஸ் டிரபிள் என்றே ரொம்ப நாள் தள்ளிப்போடப்படுகிறது.

அடுத்தது ராத்திரி. ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், இதை மாற்றுங்கள் என்பேன். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் வருகிறது. ஆகவே துண்டு துண்டாக ஏழு மணி நேரம் படுத்துக் கிடப்பதைவிட, முதலில் விடாமல் ஐந்து மணி நேரம் கிடைத்தால் உடம்பு அதிகம் தேறும். உங்கள் கணவர் எப்படியும் பன்னிரண்டு மணி வரை டிவி பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கணக்கு சுலபம்: பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அத்தை அவர் பொறுப்பு, மூன்றிலிருந்து உங்கள் பொறுப்பு. அந்த ஐந்து மணி நேரம் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அதே அறையில் படுத்தால் ஆள் தூங்கும், காது தூங்காது. கடைக்குப் போகிற மனிதர் தினமும் கண் விழிக்க முடியாதுதான். வாரத்தில் இரண்டு ராத்திரியில் ஆரம்பியுங்கள்; அப்புறம் மூன்றாக்கலாம். முதல் ராத்திரி உங்களுக்குத் தூக்கமே வராமல் போகலாம். மூன்று வருடப் பழக்கம், ஒரே நாளில் விடாது. கணவர் தடுமாறுகிற சத்தம் கேட்டாலும் எழுந்து போகாதீர்கள். அவர் அம்மா, அவர் கற்றுக்கொள்வார்.

அத்தை எழுந்துகொள்வதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. மறதி நோயில் மூளையின் பகல்-இரவுக் கடிகாரம் குழம்பிவிடும். காலையில் அரைமணி நேரம் வெயிலும் வெளிச்சமும் படுகிற மாதிரி வாசலில் உட்கார வையுங்கள், அல்லது மெதுவாக நடக்க வையுங்கள். மதியத் தூக்கம் அரைமணிக்கு மேல் போக வேண்டாம். மதியத்துக்குப் பிறகு காபியும் டீயும் வேண்டாம், இது உங்களுக்கும்தான். காபியில் இருக்கிற கஃபைன் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கீரை ஆய, பட்டாணி உரிக்க, துணி மடிக்கக் கொடுங்கள். அரைகுறையாகத்தான் செய்வார், பரவாயில்லை, பகலில் உடம்பு அசைந்தால் ராத்திரி கொஞ்சம் அடங்கும். பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். வலியோ மலச்சிக்கலோ இருந்தால் அவரால் சொல்லத் தெரியாது, எழுந்து நடக்கத்தான் தெரியும். அதையும் பாருங்கள். பால்காரன் வந்தாச்சா என்று கேட்டால் "அவன் எப்பவோ செத்துட்டான் அத்தை" என்று உண்மையை நிலைநாட்ட வேண்டாம். "இன்னும் விடியலை அத்தை, வந்ததும் எழுப்புறேன்" என்றால் போதும். வாதாடினால் இருவருக்கும் தூக்கம் போகும்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று ரொம்பக் குழம்பினாலோ, பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாலோ அது மறதி நோய் முற்றுவது இல்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன், உடம்பில் நீர் குறைவது, புதிதாகப் போட்ட மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதேபோல மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ வாங்கி அவருக்குக் கொடுக்காதீர்கள். அந்த மாதிரி மாத்திரைகளில் பல மறதி நோய்க்காரர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும், கீழே விழ வைக்கும். நீங்களும் அப்படி வாங்கிப் போட வேண்டாம், பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

இப்போது நாத்தனார். இந்தப் பேச்சில்தான் பல வீடுகள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். "யாரும் எனக்கு உதவி செய்வதில்லை" என்று ஆரம்பித்தால் அது குற்றச்சாட்டாகத்தான் அவர் காதில் விழும். உடனே அவர் தன் முட்டிவலியைச் சொல்வார், பிள்ளையின் பரீட்சையைச் சொல்வார். பொதுவாக உதவி கேட்காமல் நாளையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணி, மாசத்துல ரெண்டாவது சனி ஞாயிறு நீங்க வந்து அத்தைகூட இருங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்." அவர் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்து சமைத்துப் போடாதீர்கள், கிளம்பிவிடுங்கள். இரண்டு ராத்திரி தனியாகப் பார்த்தவர் அதற்குப் பிறகு போனில் அறிவுரை சொல்கிற விதமே மாறிவிடுவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். வரவே முடியாது என்றால் பணமாகப் பங்கெடுக்கட்டும்: பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு அட்டெண்டர், அல்லது வாரம் மூன்று ராத்திரிக்கு ஒரு ஆள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கு இருப்பதுபோல மகளுக்கும் உண்டு என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இதை எடுத்துச் சண்டை போடச் சொல்லவில்லை. "பெண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி மருமகள் பாடு" என்பது சட்டத்தின் கணக்கும் இல்லை என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னும் நல்லது, இதையே உங்களுக்குப் பதிலாக உங்கள் கணவர் கேட்பது. அவர் அக்கா, அவர் அம்மா. மருமகள் வாயிலிருந்து வந்தால் "பார்க்க மாட்டேங்கிறா" என்று ஆகும். அதே வார்த்தை மகன் சொன்னால் ஏற்பாடு என்று ஆகும். நியாயம் இல்லைதான். ஆனாலும் இன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வேண்டும், நியாயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கையைத் தட்டிவிட்டதற்கு வருகிறேன். அதை ஒளிக்காமல் எழுதியதற்காகவே உங்கள் மீது எனக்கு மரியாதை கூடிவிட்டது. மோசமான மருமகளாக இருந்தால் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டீர்கள். ஆனால் அதை அபாய மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி அப்படி வரும்போது ஒரே காரியம்தான்: அவர் விழுந்துவிடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சமையலறைக்குப் போய் முகம் கழுவி, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு நிதானமாக, இரண்டு மூன்று நிமிடம். மூச்சை நீளமாக விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். யோகாவில் இப்போதைக்கு உங்களுக்கு இவ்வளவு போதும். இதற்குப் பாயும் வேண்டாம், நேரமும் வேண்டாம். திரும்பி வரும்போது அவர் பெரும்பாலும் அதை மறந்திருப்பார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் எழுத மாட்டார்கள். "இதெல்லாம் எப்போது முடியும்" என்று ஒரு நினைப்பு வந்திருக்கும். முடிவது என்றால் என்ன என்று புரிந்ததும் உடம்பு நடுங்கியிருக்கும். பார்த்துக்கொள்கிறவர்களின் குழுக்கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னால், சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள், கண் கலங்கும், அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பிப்பார்கள். அது அத்தை சாக வேண்டும் என்ற ஆசை இல்லை, உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்ற ஆசை. அந்த நினைப்புக்காக உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடக்கிறது, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் இல்லை, பசி இல்லை என்றால் அது அழுத்தத்தைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிற சிகிச்சை. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நானே இல்லாமல் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் வந்தால், அத்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் வந்தால், அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 2022-ல் தொடங்கியது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதியவர்கள் சம்பந்தமான மற்ற விவரங்களுக்கு 14567 என்ற எல்டர் லைன் இருக்கிறது.

பேச ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதற்குக் கோவாவில் செய்த ஒரு சோதனையை எப்போதும் சொல்வேன். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கிற 81 குடும்பங்கள். பெரிய டாக்டர்கள் இல்லை, குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்தான் வீட்டுக்குப் போனார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள், தொல்லை தரும் நடத்தையைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், குடும்பத்துக்குள் வேலையைப் பகிர வைத்தார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் நோய் குணமாகவில்லை, ஆனாலும் பார்த்துக்கொள்கிறவர் தேறினார். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கும் வேலை செய்கிறது. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. கூட்டத்துக்கு நேரில் போக முடியாவிட்டாலும் போனில் பேசிப் பாருங்கள். அத்தைக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரை இருந்தால் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வருமா என்று உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாதம் ஒரு க்யூ மிச்சம்.

அல்சைமர் பல வருடம் நீளும் நோய். இப்போது தாழ்ப்பாளை இழுக்கிறவர் பின்னால் நடக்க முடியாமல் படுக்கலாம்; அப்போது கண்விழிப்பு குறையும், தூக்கி உட்கார வைக்கிற வேலை கூடும். ஆகவே இன்றைக்குச் செய்கிற ஏற்பாட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பமாக உட்கார்ந்து மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். அடுத்த தடவை நரம்பியல் டாக்டரிடம் போகும்போது கணவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அத்தை ராத்திரி எழுந்துகொள்கிற நேரத்தை ஒரு வாரம் காலண்டரில் குறித்து எடுத்துப் போனால் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். அந்தக் காலண்டர்த் தாளைக் கணவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். பத்திலிருந்து மூன்று வரை யார் விழித்திருப்பது என்ற பேச்சை அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிடலாம்.